மருந்துக்கு அடங்காத காய்ச்சல்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூர்க் கரையைத் தழுவிக் கிடப்பது கொட்டியாரக் குடா. 1660ஆம் ஆண்டில், புயலிலே பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடுவதற்காக அங்கே ஒதுங்கியது. கண்டி மன்னனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் ரொபேட் நொக்ஸையும் சிறைப்பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அங்கே இருவரையும் குளிர்காய்ச்சல் பீடித்தது. மறு ஆண்டே தந்தை மாண்டார். மகன் பிழைத்து, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டுப் புகழ் பெற்றார். அவர்களை வாட்டியது மலேரியாவே என்று கொள்வதில் தவறில்லை.

அந்நாளில் அவர்களுக்குக் கைகொடுக்க மருந்தில்லை. பின்னர் மருந்து வந்தது; மருந்தை ஏய்க்கும் வித்தையைக் கிருமியும் கற்றது. அந்தக் கதையையே இங்கு சொல்ல விழைகிறோம்.

1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டோர் 17 பேர் மட்டுமே. பகை ஒழிந்ததென்று எண்ணிக் கண்காணிப்பைத் தளர்த்தினோம். 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தையும் கடந்தது! அதே காலத்தில் டி.டி.ரி. மருந்துக்கு நுளம்பு மசியாததும் வெளிப்பட்டது. பின்பு 1984இல், குளோரோகுவினுக்கு அடங்காத மலேரியாக் கிருமி இந்நாட்டில் முதன்முதலாக அறியப்பட்டது.

இது எவ்வாறு நிகழ்கிறது? கிருமி நமது செங்குருதியை உண்டு வாழ்வது. அதன் இரைப்பை போன்ற அறையிலே குளோரோகுவின் திரண்டு, உணவின் கழிவையே அதற்கு நஞ்சாக்கிவிடும். ஆனால் கோடிக்கணக்கில் பெருகும்போது ஏதோ ஒரு கிருமியின் அமைப்பில் சிறு மாற்றம் நேர்கிறது. அது, ஓட்டைத் தோணியில் மீனவர் நீரை இறைத்து ஊற்றுவதுபோல, மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது. மற்றவை மடிய, இதுவே பெருகுகிறது. காய்ச்சல் தணிந்தவுடன் மீதி மாத்திரையை அலுமாரியில் பத்திரப்படுத்தும் நம் வீட்டு வழக்கம் இத்தகைய கிருமிக்கு எத்துணை உதவி!

அக்கியையும் உதட்டுக் கொப்புளத்தையும் தோற்றுவிக்கும் வைரசுகளிடமும் இவ்வித்தை உண்டு. அவற்றுக்குரிய அசைக்ளோவிர் என்னும் மருந்தை உயிர்ப்பிப்பது அந்த வைரசின் சொந்த நொதியே. அந்நொதியை இழந்த வைரசிடம் மருந்து பலிப்பதில்லை. எனினும் இது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளரிடமே தோன்றுவது, ஊரெங்கும் பரவுவதில்லை. மலேரியாவோ அப்படியன்று, அதைச் சுமந்து செல்ல நுளம்பு காத்திருக்கிறது.

உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 அக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும் வெளிநாடு சென்று திரும்புவோர் இக்கிருமியைக் கொண்டுவந்த வண்ணமே உள்ளனர். 2018 டிசம்பரில், அவ்வாறு வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள மற்றொருவருக்கும் அது தொற்றியது. ருவாண்டா, உகண்டா முதலிய ஆபிரிக்க நாடுகளிலே இன்றைய சிறந்த மருந்தான ஆர்ட்டிமிசினினுக்கும் கிருமி ஓரளவு அடங்க மறுக்கிறது. அந்நாடுகளுக்குப் போய்வரும் மாலுமியின் குருதியில் எது வருமென்று எவர் அறிவார்?

ஆகவே மலேரியா தடை இயக்கத்தினர் ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்கின்றனர். மாத்திரை கொடுத்ததோடு கடமை முடிவதில்லை. குறித்த நாட்களில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டிலே பூசி, நுண்ணோக்கியிற் பார்க்கின்றனர். மூன்றாம் நாளிலும் கிருமி தென்படுமாயின் அது ஐயத்துக்குரியது. பல வாரங்கள் கழிந்தும் தகட்டில் ஏதுமில்லையெனில் மருந்து வென்றது.

இதிலுள்ள இடர்ப்பாடு வேறொன்று. இன்றைய இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. காய்ச்சலென்றால் டெங்கு என்றே எண்ணுவது இயல்பு. நோயாளியும் தாம் சென்ற நாட்டைச் சொல்வதில்லை. கேளாமல் ஏன் சொல்லவேண்டும் என்றிருப்பார். மூதூரிலோ கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ காய்ச்சலோடு வைத்தியசாலைக்குச் செல்வோர், அண்மையில் கடல் கடந்து வந்திருந்தால், எந்த நாட்டிலிருந்து, எந்த நாளில் வந்தோம் என்பதை முதலிலேயே கூறிவிடலாம். இரத்தப் பரிசோதனை அன்றே நடைபெறும்.