சொல் வேட்டை – 9: கையில் இருப்பது எந்த எழுத்து?

ஆறு எழுத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘இதற்குள்ளிருந்து எத்தனை இங்கிலீசுச் சொல் எடுப்பீர்கள்?’ என்று கேட்பது யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புகளில் பழைய விளையாட்டு. முன்பு பெடியள் தலையைச் சொறிந்துகொண்டு இருப்பார்கள். இப்போது கைபேசியைத் தட்டினால் முழுப் பட்டியலும் வந்து விழுகிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், சங்கதி மிக எளிது. ‘லிஸின்’ என்ற சொல்லுக்குள் எல், ஐ, எஸ், ரி, ஈ, என் என ஆறு எழுத்து. அவற்றை ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், ரி. ‘சைலன்ற்’ என்ற சொல்லை அடுக்கினாலும் இதே வரிசைதான். அகராதியில் உள்ள எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே இப்படி அடுக்கி வைத்துவிட்டால், நாம் கொடுக்கும் எழுத்துகளையும் அடுக்கிப் பார்த்து, ஒரே அடுக்குள்ளவற்றை எடுத்துத் தந்துவிடலாம்.

கடைகளில் விற்கும் அகராதி இந்த வேலைக்கு உதவாது. முதல் எழுத்து தெரிந்தவனுக்குத்தான் அது கதவு திறக்கும். வேறு எழுத்தோடு வருபவன் வெளியே நிற்க வேண்டியதுதான். 1775இல் லண்டனில் ஜோன் வோக்கர் வெளியிட்ட அகராதி சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. ஆங்கிலக் கவிஞனுக்கு அடியின் முடிவில் ஓசை ஒன்ற வேண்டும்; அவன் கையில் இருப்பது சொல்லின் வால். வால் வழியாகத் தேட ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

எங்கள் புலவனுக்குத் தேவைப்பட்டது வாலுமில்லை, தலையுமில்லை. எதுகைக்கு அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். ஆகவே சொற்களையும் இரண்டாம் எழுத்தின்படி அடுக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி இதற்கு நல்ல சாட்சி. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்லும் அந்தத் தொகுதி ககர எதுகையில் தொடங்கி னகர எதுகையில் முடிகிறது. முதல் விருத்தத்தின் நான்கு அடிகளும் பகவன், பகல், மகரம், அகம் என்ற சொற்களோடு தொடங்குகின்றன. முதலெழுத்து எதுவாக இருந்தாலும் கவலையில்லை. இரண்டாவது ‘க’வாக இருந்தால் போதும்.

இந்த அடுக்கைப் பிற்காலத்தில் சிலர் ஒழுங்கீனம் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிகண்டு ஏட்டைப் புரட்டித் தேடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதை மனனம் செய்து வாயில் வைத்திருந்தான். ஒரு சொல் வேண்டுமென்றால் அந்த எதுகையைப் பிடித்துச் சொல்லத் தொடங்குவான். ஓசையே அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும். ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கண்ணை நம்பிச் சொல் தேடினால் அகமும் அக்கமும் குழம்பிப் போகும். காது குழம்பாது.

முதலெழுத்து முறை தமிழுக்குத் தெரியாமலும் இல்லை. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையில் சொற்களை வைத்தது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை நான்கு பகுதியாகப் பிரித்தபோது, பெயர், பொருள், தொகை ஆகியவற்றுக்குப் பிறகு நான்காவதாகத் தொடை அகராதி என்று ஒன்றைச் சேர்த்தார். அது எதுகைச் சொற்களுக்கானது. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியாருக்கு இரண்டு வகைத் தேடலும் வெவ்வேறு என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த எத்தனையோ அகராதிக்காரர்கள் அந்த நான்காம் பகுதியைக் கைவிட்டார்கள். நட்டம் தமிழ்ப் பாட்டுக்குத்தான்.

குடாநாட்டுக்கு வருவோம். அமெரிக்க மிசனின் அச்சியந்திரம் 1834இல் மானிப்பாயில் ஓடத் தொடங்கியது. நல்லூரில் இருந்த சேர்ச் மிசன் பாதிரியார் ஜோசப் நைற் தொடங்கிவைத்த சொற்சேகரிப்பு, சந்திரசேகர பண்டிதரின் உழைப்பாலும் லீவை ஸ்போல்டிங்கின் மேற்பார்வையாலும் 1842இல் அகராதியாகி அங்கே அச்சேறியது. ஊர் அதை மானிப்பாய் அகராதி என்றது. யாழ்ப்பாண அகராதி என்றும் பெயர். 58,500 சொற்கள், எல்லாம் அகர வரிசையில். வாயில் கிடந்த நிகண்டுச் சொற்கள் கண்ணால் தேடும் வரிசைக்கு வந்தன. இரண்டு வருடம் கழித்து நைற்றும் ஸ்போல்டிங்கும் தொகுத்த ஆங்கில–தமிழ் அகராதி சென்னையில் அச்சாயிற்று. ஆங்கிலச் சொல்லின் தலையெழுத்தைப் பிடித்துத் தேட யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பழகிய காலம் இது.

இந்த இடத்தில் ஆறுமுக நாவலர் செய்தது யோசிக்கத் தக்கது. பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர். மிசன்காரரின் அகராதி வேலை அவருக்குப் புதிதல்ல. 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனவர் அங்கேயே பதிப்பித்த நூல்களில் ஒன்று சூடாமணி நிகண்டுரை. மானிப்பாய் அகராதி வந்து ஏழு வருடம் ஆன பிறகும் நிகண்டுதான். இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடுவது சுலபம். அகராதி வாசிப்பவனுக்கு, நிகண்டு பாடுபவனுக்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வண்ணார்பண்ணையில் அவர் நடத்திய சைவப்பிரகாச வித்தியாசாலைப் பிள்ளைகள் இரண்டும் செய்ய வேண்டியவர்கள்.

ஒரே எழுத்துக்கூட்டத்துக்குள் வேறு வேறு சொற்களைத் தேடும் ஆட்டமும் எங்களுக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர், சண்டிலிப்பாயில் உள்ள கல்வளைப் பிள்ளையார்மேல் பாடிய கல்வளை அந்தாதி யமகத்தால் ஆனது. நான்கு அடிகளும் ஒரே எழுத்துகளில் தொடங்கும். பிரிக்கும் இடத்தைப் பொறுத்துச் சொல்லும் பொருளும் மாறும். ‘பலகை’ என்பதை ஒரு முறை மரமாகவும் மறுமுறை ‘பல கை’யாகவும் வாசிப்பது அதன் மிகச் சிறிய வடிவம். அக்கரச்சுதகம் என்ற சித்திரகவியில் ஒவ்வோர் எழுத்தாகக் கழற்றக் கழற்ற வேறு சொல் நிற்க வேண்டும். இப்படிப் பாடுபவன் சொற்கிடங்கு முழுவதையும் மனத்துக்குள் குலைத்து அடுக்கத் தெரிந்தவனாக இருந்திருக்க வேண்டும்.

இதைக் கணினியிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அடுக்குவது இலகு. தமிழுக்கு 247. ஆனால் யூனிகோடு அவற்றைத் தனித்தனியே வைத்திருப்பதில்லை. ‘கா’ என்பது அங்கே ‘க’வும் ஒரு காலும், ‘க்’ என்பது ‘க’வும் ஒரு புள்ளியும். இலக்கணப்படி ‘க்’கும் ‘அ’வும் சேர்ந்துதான் ‘க’. கணினியின் கணக்கு தலைகீழ். அதனால் ‘க’ உள்ள சொல்லைக் கேட்டால் கிளியும் கூடும் பாக்கும் சேர்ந்து வருகின்றன. ஓப்பன்–தமிழ் போன்ற நிரல் தொகுப்புகள் சொல்லை முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்துக்கொண்டு பிறகு தேடுகின்றன. எழுத்துச் சேர்க்கை விளையாட்டுக்கு அதுதான் வழி.

எதுகை தேடுபவனுக்கோ இந்தக் குறைபாடு பாதி வசதி. இரண்டாம் இடத்தில் ‘க’ வேண்டும் என்று பிரிக்காமலே கேட்டுப் பாருங்கள். மகரத்தோடு அகிலும் நகையும் வரும். க, கி, கை என்று ஓர் இனத்து உயிர்மெய்கள் எதுகையாக வருவதை யாப்பிலக்கணம் வருக்க எதுகை என்று ஒப்புக்கொள்கிறது. தொல்லை என்னவென்றால், அகத்தோடு அக்கமும் வந்து நிற்கும். புள்ளி வைக்காத ஓலை செய்த அதே குழப்பம். அங்கே ஒரு வாத்தியார் வாய்விட்டுச் சொல்லித் திருத்தினார். இங்கே நிரல் எழுதுபவர் திருத்த வேண்டும்.

மிசன்காரரின் அகராதிகளுக்குத் திரும்பினால், உடுவிலில் வேலை செய்துவிட்டுச் சென்னைக்குப் போன மிரன் வின்ஸ்லோ, 1862இல் 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதற்கு யாழ்ப்பாணத்துச் சேகரிப்பு எவ்வளவு போயிற்று என்பது அடுத்த கிழமை.