கரிக்குள் புகும் நைட்ரஜன்

மூங்கில் தூளைக் காற்றுப் படாமல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அது தீப்பிடிக்காது. சிதைந்து கரியும் வாயுவும் கருத்த திரவமுமாகப் பிரியும். பயோ ஆயில் எனப்படும் அந்தத் திரவத்தை நேரே எஞ்சினில் ஊற்ற முடியாது. அதில் ஏறக்குறைய கால்பங்கு தண்ணீர். வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலமும் உண்டு. இரும்பை அரிக்கும், நாள்பட்டால் கெட்டிப்படும். எரிதிறனோ டீசலில் பாதிகூடத் தேறாது.

பெட்ரோலிய ஆலைகளின் ஜியோலைட் வினையூக்கி இதை ஓரளவு திருத்தும். ஆனால் அதன் நுண்துளைகளைக் கரிப்படிவு சீக்கிரம் அடைத்துவிடுகிறது. மூங்கிலைச் சிதைக்கும் அதே உலையில் மலிவாக மிஞ்சும் கரியின் மீது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியதில் வியப்பில்லை. வெறும் கரி மந்தமானது. நைட்ரஜன் ஏறினால் துடிப்பாகிறது.

கரியை அமோனியா வாயுவில் சுட்டால் நைட்ரஜன் அதன் கார்பன் வளையங்களுக்குள் புகுந்து அமரும். எங்கே அமர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆறணு வளையத்தின் ஓரத்தில் கார்பனின் இடத்தைப் பிடிப்பது பிரிடின் வகை. அதனிடம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி ஒன்று இருப்பதால் காரம்போல நடந்து, மூங்கில் சிதையும்போது எழும் ஆவியிலுள்ள அமிலங்களை ஈர்த்து, அவற்றின் ஆக்சிஜன் கழன்றுபோக உதவுகிறது. சூட்டை ஏற்றிக்கொண்டே போனாலும் பலனில்லை: 800 டிகிரியை நெருங்கும்போது பிரிடின் வகை குறைந்து, வளையங்களின் நடுவே புதைந்த கிராஃபைட் வகையின் பங்கு கூடும்.

சீனாவின் வூஹானிலுள்ள ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூங்கில் கழிவை இத்தகைய கரியோடு சிதைத்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். அசெட்டிக் அமிலம் குறைந்து ஃபீனால்கள் பெருகின. அவற்றில் மதிப்புமிக்க 4-வினைல் ஃபீனாலும் உண்டு. மூங்கில் புல் குடும்பம். அந்தக் குடும்பத்தில், செடிக்கு உறுதி தரும் லிக்னினில் ஒட்டியிருக்கும் பாரா-கூமாரிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்தால் கிடைப்பது இதுதான். நம் சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் போட்டு எரிக்கும் கரும்புச் சக்கையும் இதே குடும்பம்தான்.

நைட்ரஜன் கரியில் இருக்கும்வரைதான் இந்த நன்மையெல்லாம். எண்ணெய்க்குள் இறங்கினால் தொல்லை. உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம் கொண்ட ஸ்பைருலினா போன்ற நுண்பாசிகளைச் சிதைத்தால் நைட்ரைல், அமைடு, இண்டோல் ஆகிய நைட்ரஜன் சேர்மங்கள் எண்ணெயில் கலக்கும். அதை எரிக்கும்போது காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள் கிளம்பும். அப்படியும் நுண்பாசியை ஆய்வாளர்கள் ஒதுக்கவில்லை. மூங்கிலோடு சேர்த்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். காரணம், கரிக்கு நைட்ரஜன் ஏற்றும் அமோனியாவைத் தயாரிக்கவே இயற்கை எரிவாயு ஏராளமாகச் செலவாகிறது. பாசியோ தன் புரதத்திலேயே நைட்ரஜனைக் கொண்டுவருகிறது.