தீவில் ஒரு ரகசியம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 3,80,581. தமிழர்களும் கணிசமாக உண்டு. இங்கே ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் முன்பே, "என்னாச்சாம்?" என்ற கேள்வி அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கு நோயைவிடப் பாரம் இந்த விசாரிப்புதான்.

தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை ஜி.பி. பந்த். எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் அங்கே இருக்கிறது, போர்ட் பிளேரில். (2024 முதல் ஊர் ஸ்ரீ விஜயபுரம், வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) தெற்கே கேம்ப்பெல் பே அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால். கப்பல் டிக்கெட் எடுக்கும்போதே, "எதுக்குப் போறே?" என்பதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். அடிக்கடி போகிறவருக்குச் சொல்லப் பொய்யும் மிஞ்சாது.

மருத்துவம் எங்கோ முன்னேறிவிட்டது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது அது மரணச் செய்தி. 2004 முதல் அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. இன்று பலருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழியாக அது இன்னொருவருக்குப் பரவுவதில்லை. ஊராரின் பயம் மட்டும் 1986-லேயே நிற்கிறது.

அந்தப் பயம் மருந்தையும் கெடுக்கும். விருந்தாளி வந்தால் மாத்திரையை ஒளிக்க வேண்டும். ஒளித்தால் வேளை தவறும். தவறிக்கொண்டே போனால் வைரஸ் மருந்துக்கு அடங்காது. தூக்கம் கெட்டு, நெஞ்சில் கனம் ஏறி, "எதுக்கு இந்த மாத்திரை" என்ற எண்ணம் வந்துவிட்டால் மருத்துவர் எழுதும் சீட்டுக்குப் பலனில்லை.

2018-இல் தமிழ்நாட்டின் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் ஏற்றப்பட்டது. தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் தானே முன்வந்து தகவல் சொன்ன, அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர், சில நாட்களில் தற்கொலைக்கு முயன்று இறந்தார். ரத்த வங்கியின் பிழையைப் பேசிய அளவுக்கு அவர் மனநிலையை நாம் பேசவில்லை.

2018 செப்டம்பர் 10-இல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் சிகிச்சையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் காத்திருப்போர் பெஞ்சில் பக்கத்துத் தெருக்காரர் உட்கார்ந்திருந்தால் சட்டம் என்ன செய்யும்? பெரிய ஊர்க்காரர் வேறு மையத்துக்கு மாறிக்கொள்வார். தீவுக்காரர் கடல் தாண்ட வேண்டும்.

ஆகவே இங்கே விழிப்புணர்வு போஸ்டரைவிட ஏற்பாடுதான் உதவும். உடல்நிலை சீராக உள்ளவருக்குச் சில மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கலாம். மாத்திரை வாங்கும் இடத்தில் நோயின் பெயர்ப் பலகை வேண்டாம். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, மனம் தளர்ந்தால் 14416: இரண்டும் கட்டணமில்லா எண்கள். போனில் பேசினால் யாரும் பார்க்கப்போவதில்லை. டவர் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.