பையை வச்சு ஆளைச் சொல்லலாமா? பைப்புழுக்களைப் பற்றி ஒரு குறிப்பு

எங்க வீட்டுக் குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒண்ணு ஊர்ந்துக்கிட்டே இருக்கும். வெள்ளரி விதை மாதிரி தட்டையான கூடு, மேலே தூசியும் மணலும் ஒட்டியிருக்கும். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கும். கொஞ்ச நேரத்தில் மறுமுனையிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். நீங்களும் பார்த்திருப்பீங்க.

பூச்சிகளைப் படம் எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்தபோது இதை 'பைப்புழு' என்று எழுதி வைத்தேன். ஊரில் கருவேல மரத்தில் முள்ளையும் குச்சியையும் கட்டாகச் சுமந்துகொண்டு தொங்குமே, அதையும் அதே பெயரில்தான் எழுதினேன். ரெண்டும் புழு, ரெண்டும் பை சுமக்குது. வேற என்ன வேணும்னு நினைச்சேன். மூணு வருஷக் குறிப்பில் பாதி தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

சுவரில் இருப்பது ஃபெரியோயெக்கா பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சியின் புழு. குடும்பம் டினியிடே. கம்பளித் துணியை அரிக்கிற பூச்சியும் இதே குடும்பம்தான். மரத்தில் தொங்குவது சைக்கிடே குடும்பம், அதாவது உண்மையான பைப்புழு. ரெண்டு குடும்பமும் டினியாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்துக்குள் வருது. பங்காளிகள்னு சொல்லலாம், ஆனா வீடு வேற.

பையைப் பார்த்து ஏமாந்தது நான் மட்டும் இல்லை. பெயர் வைத்தவர்கள் எல்லாருக்குமே முதலில் கண்ணில் பட்டது பைதான். 1827-இல் லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார், மேற்கிந்தியத் தீவுகளில் பார்த்த ஒரு பைப்புழுவுக்கு 'ஓய்கெட்டிகஸ்' என்று பேரினப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இலங்கையில் சிங்களவர் இதை விறகுக்கட்டு என்ற பொருளில் அழைத்ததையும், முற்பிறவியில் விறகு திருடியவர்தான் இப்படிப் பிறக்கிறார் என்று நம்பியதையும் எமர்சன் டென்னன்ட் 19-ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார்.

உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் சுமார் 1350 இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கு. அந்துப்பூச்சிக் குடும்பங்களில் இது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனாலும் வகைப்படுத்துவது கஷ்டம். காரணம் பெண் பூச்சி.

அந்துப்பூச்சிகளைப் பிரிக்க வழக்கமாகப் பார்ப்பது சிறகின் நரம்பமைப்பையும் இனப்பெருக்க உறுப்புகளையும். இந்தக் குடும்பத்தில் டிப்ளோடோமா மாதிரி சில பேரினங்களில் பெண்ணுக்குச் சிறகு உண்டு. டலேப்போரியாவில் சிறகு இல்லை, கால் உண்டு. வெளியே வந்து பை மேலேயே உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர் யூமெட்டாவில் பெண்ணுக்குச் சிறகும் இல்லை, பயன்படுகிற காலும் இல்லை. வளர்ந்த பிறகும் புழு மாதிரியே பைக்குள் கிடக்கும். ஆண் பறந்து வந்து, நீண்டு விரிகிற வயிற்றைப் பைக்குள் நுழைத்து இணை சேரும். பெண் அங்கேயே முட்டையிட்டு அங்கேயே செத்துப்போகும்.

இதை ஏணிப்படி மாதிரி வரிசையாக அடுக்கி 'இதிலிருந்து அது வந்தது' என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனா பெண்ணின் சிறகு மறைவது அந்துப்பூச்சிகளில் பல குடும்பங்களில் தனித்தனியாக நடந்திருக்கு. அதனால் சிறகில்லாத ரெண்டு பேரினங்கள் நெருங்கிய உறவாகத்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

ஆணை வைத்துப் பிரிக்கலாமே என்றால், அதன் ஆயுள் சில நாள்தான். வாய் வளராததால் சாப்பிடவும் செய்யாது. பை நம்ம கண்ணில் பல மாதம் தொங்கும், ஆண் கண்ணில் படவே படாது.

இதை நானே அனுபவித்தேன். கிளையில் இறுகக் கட்டி வாய் மூடியிருந்த ஒரு பையைக் கொண்டுவந்து பாட்டிலில் போட்டு, மேலே துணி கட்டி வைத்தேன். ஆண் வந்தால் சிறகைப் படம் எடுத்து இனத்தைக் கண்டுபிடிச்சிடலாம்னு திட்டம். வாரக்கணக்கில் எதுவும் வரலை. செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுடலாம்னு பாட்டிலை எடுத்த அன்றைக்குத் துணி முழுக்கக் கடுகை விடச் சின்னதா நூற்றுக்கணக்கான புழுக்கள்! உள்ளே இருந்தது பெண். நான் எடுத்து வருவதற்கு முன்பே இணை சேர்ந்திருக்கு. எல்லாவற்றையும் அதே மரத்தில் கொண்டுபோய் விட்டேன். அவ்வளவு கிடைத்தும் அது என்ன இனம் என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நம்ம துறை பாஷையில் சொன்னால் பை, பெண், ஆண் என்று மூணு டேபிள் இருக்கு, ஆனா அவற்றை இணைக்கிற கீ இல்லை. அதனால் ஒரே இனம் பல பெயரில் பதிவாகியிருக்கு. யூமெட்டா வேரியகேட்டா என்று இப்போது சொல்லும் இனத்தைப் பழைய நூல்களில் கிளானியா என்றும் கிரிப்டோதெலியா என்றும் பார்க்கலாம். தாமஸ் சோப்சிக் 2011-இல் வெளியிட்ட உலகப் பட்டியல் இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தொகுத்து வைத்திருக்கு. இப்போது டிஎன்ஏ பார்கோடு வந்த பிறகு, ஒரு குட்டிப்புழுவையும் எங்கோ விளக்கில் விழுந்த ஆணையும் ஒரே இனம் என்று இணைக்க முடியுது.

பெயரில் என்ன இருக்குன்னு கேட்கலாம். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் மெட்டிசா பிளானா, டெரோமா பெண்டுலா, மஹாசேனா கார்பெட்டி என்று மூணு பைப்புழுக்கள் இலையைத் தின்கின்றன. ஒன்றின் வாசனைப் பொறிக்கு இன்னொன்றின் ஆண் வரும்னு நம்பி இருக்க முடியாது. மூணையும் 'பைப்புழு' என்று ஒரே வரியில் எழுதினால் பொறி வைத்த செலவு வீணாகலாம்.

இப்போ என் குறிப்புகளைத் திருத்திட்டேன். சுவரில் இருந்தவை டினியிடே. மரத்தில் இருந்தவை சைக்கிடே, இனம் தெரியாது. நீங்க அடுத்த முறை மரத்தில் பையைப் பார்த்தால் கீழ்முனையைக் கவனிங்க. அங்கே காலியான கூட்டுப்புழு ஓடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஆண் பறந்து போயாச்சு. எதுவும் நீட்டலைன்னா காலிப் பைன்னு அவசரப்பட்டுப் பிய்க்காதீங்க. உள்ளே ஆள் இருக்கலாம்.