உட்பதித்த பல்லும் உறுபாரமும்

உணவை மென்று விழுங்குதல் எளிய செயலென்றே நாம் எண்ணுகின்றோம். ஆயினும் அச்செயலின்போது வாயினுள் நிகழ்வது ஒரு பொறியின் வேலையேயாம். கடைவாய்ப் பற்களால் இறுகக் கடிக்குங்கால், வளர்ந்த ஒருவரின் தாடை பல நூறு நியூற்றன் விசையைப் பிறப்பிக்க வல்லது. அவ்விசை பல்லின் முடியில் விழுந்து, வேரின் வழியே இறங்கி, தாடை என்பினுட் பரந்து அடங்குகின்றது. பல் வீழ்ந்த இடத்தில் உலோகத் திருகாணி ஒன்றைப் பதித்து, அதன்மேற் செயற்கைப் பல்லைப் பொருத்தினால் அதே விசை எவ்வழிச் செல்லும்? அதனைத் தாங்கும் என்பு நிலைக்குமா, தேய்ந்து விலகுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதிற் கணனி எங்ஙனம் துணைபுரிகின்றதென்பதையும், அவ்விடையை எம்மட்டில் நம்பலாமென்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர், இத்தகைய சிகிச்சையைப் பற்றிப் பல் வைத்தியரிடம் உசாவும் பருவத்தை எய்தியவர். மாணவர்க்கோ இப்பொருள் வேறொரு வகையிற் பயன்படும். கணிதப் பிரிவிற் கற்போர் என்பையும், உயிரியற் பிரிவிற் கற்போர் வளையின் வளைவையும் தமக்குப் புறம்பானவையென ஒதுக்குதல் வழக்கம். அவ்விரு கல்வியும் கூடினாலன்றி இப்பொருள் விளங்காது.

இயற்கைப் பல்லும் உட்பதியமும்

இயற்கைப் பல் என்போடு நேரே ஒட்டியிருப்பதன்று. வேருக்கும் என்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இணைநார்ப் படலம் உண்டு. அது மெத்தைபோல் அமைந்து விசையை வாங்கிப் பகிர்வதோடு, கடியின் வன்மையை மூளைக்கு அறிவிக்கும் உணர்ச்சி நரம்புகளையும் உடையது. கடிக்கும்போது பல் தன் குழியினுள் 25 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரை அமிழ்ந்து எழும். இம்பிளான்ற் என வழங்கும் உட்பதியத்துக்கோ இம்மெத்தை இல்லை. அது அமிழ்வது 3 முதல் 5 மைக்கிரோமீற்றர் அளவேயாம்.

உட்பதியம் என்போடு ஒன்றிணைதலை உலகிற்கு உணர்த்தியவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர் இங்வார் புரோனமார்க் ஆவர். 1952ஆம் ஆண்டளவில், உயிருள்ள என்பிற் குருதி ஓடும் முறையை நுணுக்குக்காட்டியால் நோக்குதற்பொருட்டு, முயலின் கால் என்பினுள் தைத்தேனிய உலோகக் கூடொன்றை அவர் பதித்தார். ஆய்வு முடிந்தபின் கூட்டைக் கழற்ற முயன்றபோது, என்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தமையைக் கண்டார். 1965ஆம் ஆண்டில் கொதன்பேர்க் நகரில் முதன்முதலாக மனிதரொருவரின் தாடையிற் தைத்தேனிய உட்பதியங்களைப் பொருத்தினார்.

எமது ஊர் வேலிகளிற் கதியால் நாட்டுவோர் இதன் இயல்பை எளிதில் உணர்வர். நாட்டிய கதியாலை அடிக்கடி அசைத்தால் அது வேர் பிடியாது. உட்பதியமும் அத்தகையதே. ஆறும் காலத்தில் அதன் அசைவு ஏறக்குறைய 150 மைக்கிரோமீற்றரை விஞ்சுமாயின், என்பு வளரவேண்டிய இடத்தில் நார்த்தசை வளர்ந்து பிடிப்புத் தளரும். இதனாலேயே புரோனமார்க் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேற்றாடையில் ஆறு மாதமும் பாரமேற்றாது காத்திருக்கும் முறையை வகுத்தார். வேர்பிடித்த கதியாலை மாடு உரசினால், மண்மட்டத்தில் நிலம் வெடிக்கும். ஆழத்தில் உள்ள அடி பெரிதும் அசையாது. இதனையும் மனத்திற் கொள்ளுக, பின்னர்ப் பயன்படும்.

கையாற் செய்யக்கூடிய கணக்கு

விசையை அது தாங்கும் பரப்பால் வகுக்கக் கிடைப்பது தகைப்பு. ஒரு சதுர மில்லிமீற்றரில் ஒரு நியூற்றன் விழுமாயின், அது 1 மெகாபஸ்கால் ஆகும். தகைப்பினால் ஒரு பொருள் தன் நீளத்தில் எத்துணைப் பங்கு மாறுகின்றதோ அது விகாரம். தகைப்பை விகாரத்தால் வகுக்க வருவது யங்கின் மட்டு. அது பொருளின் விறைப்பைக் காட்டும்.

இனி, 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள திண்ம உருளையொன்றை உட்பதியமாகக் கொள்வாம். 100 நியூற்றன் விசை அச்சுக்கு 30 பாகை சாய்வாக, என்புமட்டத்துக்கு 10 மில்லிமீற்றர் மேலே தாக்குகின்றதென்க. அச்சின் வழியான கூறு 86.6 நியூற்றன்; குறுக்கான கூறு 50 நியூற்றன். உருளையின் குறுக்குவெட்டுப் பரப்பு 12.57 சதுர மில்லிமீற்றர். ஆகவே முதற் கூறினால் எழும் அமுக்கத் தகைப்பு 6.9 மெகாபஸ்கால். இரண்டாம் கூறு என்புமட்டத்தில் 500 நியூற்றன் மில்லிமீற்றர் வளைவுத் திருப்பத்தை விளைக்கும். அதனால் உருளையின் விளிம்பில் எழும் தகைப்பு ஏறத்தாழ 80 மெகாபஸ்கால். சிறிய கூறே பெரிய கூறினும் 11 மடங்குக்கு மேற்பட்ட தகைப்பைத் தருதல் காண்க. விட்டத்தை 5 மில்லிமீற்றராக்கின், அத்தகைப்பு 41 மெகாபஸ்காலாகக் குறையும். என்னையெனின், அது விட்டத்தின் கனத்துக்கு நேர்மாறாக மாறுவது.

இத்தகைப்பைத் தைத்தேனியம் எளிதிற் பொறுக்கும். என்பின் நிலையே ஐயத்துக்குரியது. அதனை இவ்வெளிய கணக்காற் காணுதல் இயலாது. என்பின் வடிவம் உருளையுமன்று, அதன் பொருள் ஒருபடித்தானதுமன்று.

என்பு உயிருள்ள பொருள்

1866ஆம் ஆண்டளவிற் சூறிச் நகரில், உடலமைப்பியலறிஞர் ஹேர்மன் வொன் மேயர் தொடையென்பின் வெட்டுமுகத்தைக் காட்டியபோது, பொறியியலறிஞர் கார்ள் குல்மன் அதனுள்ளே தெரிந்த கோடுகள் பாரந்தூக்கியொன்றின் தகைப்புக் கோடுகளை ஒத்திருத்தலை உணர்ந்தார். வைத்தியம் கற்றவர் கண்ட வடிவத்தின் பொருளைப் பாலங்கட்டும் கலை கற்றவர் உரைத்தார். பின்னர் 1892இல் ஜேர்மனிய வைத்தியர் யூலியஸ் வொல்ப், பாரத்துக்கேற்ப என்பு தன்னை மாற்றியமைக்கும் என்னும் விதியை நூலாக வெளியிட்டார். 1987இல் அமெரிக்கரான ஹரல்ட் புரொஸ்ற் இக்கொள்கையை விரித்துரைத்தார். அவர் கருத்துப்படி, விகாரம் மிகக் குறையின் என்பு மெலியும், அளவாயின் நிலைபெறும், மில்லியனில் 3,000 பங்களவை விஞ்சின் சேதம் திருத்தத்தை மிஞ்சும். அடரென்பின் யங்கின் மட்டை 13.7 கிகாபஸ்கால் எனக் கொண்டால், அவ்வெல்லை 41 மெகாபஸ்கால் தகைப்புக்குச் சமனாகும்.

கணனி செய்யும் பணி

சிக்கலான வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எளிய சமன்பாடெழுதி, அனைத்தையும் ஒருங்கே தீர்த்தல் முடிவுறு மூலக முறை எனப்படும். 1943இற் கணிதவறிஞர் றிச்சாட் கூறன்ற், பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து அண்ணளவான தீர்வு காணும் வழியைக் காட்டினார். 1956இல் விமானக் கட்டமைப்பை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர் நால்வர் அதனைப் பயன்முறையாக்கினர். அவருள் ஒருவரான ரே கிளஃப் 1960இல் அதற்குப் பெயரிட்டார். 1976இல் இம்முறை பல் உட்பதிய ஆய்வினுட் புகுந்தது.

முதலில் நோயாளரின் தாடையைக் கதிர்ப்படக் கருவியால் அடுக்கடுக்காகப் படமெடுத்து, அதன் உருவத்தைக் கணனியில் அமைப்பர். அவ்வுருவைப் பல்லாயிரக் கணக்கான மூலகங்களாகப் பகுப்பர். தைத்தேனியத்துக்கு 110, புறத்தே உள்ள அடரென்புக்கு 13.7, உள்ளே உள்ள பஞ்சென்புக்கு 1.37 கிகாபஸ்கால் என மட்டுகளை வழங்குதல் பலர் கைக்கொள்ளும் வழக்கம். பின் தாடையின் எப்பகுதி அசையாது நிற்பதெனவும், விசை எங்கே எத்திசையில் விழுவதெனவும் குறிப்பர். கணனி ஒவ்வொரு கணுவின் பெயர்ச்சியையும் கண்டு, அதிலிருந்து விகாரத்தையும் தகைப்பையும் கணித்து, நீலம் முதற் சிவப்பு ஈறாகிய நிறங்களாற் காட்டும்.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் ஒருமித்துக் கூறுவன சில. தகைப்பு மிகுந்து நிற்குமிடம் உட்பதியத்தின் கழுத்தைச் சூழ்ந்த அடரென்பின் மேல்விளிம்பு. கதியாலடியில் மண்மட்டம் வெடித்தல் போல்வது இது. சாய்ந்த விசை நேர்விசையினும் கொடியது. மேல்விளிம்புத் தகைப்பைக் குறைப்பதில் உட்பதியத்தின் நீளத்தினும் விட்டமே வலியது. எனினும் ஒடுங்கிய தாடையில் விட்டத்தைப் பெருக்கினால், எஞ்சும் என்புச்சுவர் மெலிந்து தீங்காய் முடியும். தாங்கலின்றி நீண்டு நிற்கும் செயற்கைப் பல் வரிசை, நெம்புகோலாகி அண்மையிலுள்ள உட்பதியத்தை வருத்தும்.

நிறப்படம் கூறாதவை

சிவப்பு நிறத்தைக் கண்டவுடன் என்பு அழியுமென்று துணிதலும், நீலத்தைக் கண்டு அச்சம் நீங்குதலும் பிழை. என்பு திசைக்குத் திசை வேறான விறைப்புடையது. பல மாதிரிகளோ அதனை எத்திசையிலும் ஒத்ததெனக் கொள்கின்றன. என்பு உலோகத்தோடு முற்றும் ஒட்டியதென அவை கொள்வதும் உண்மைக்கு மாறு. கூரிய மூலையொன்றில் மூலகங்களைச் சிறிதாக்குந்தோறும் தகைப்பு எல்லையின்றி ஏறுதலும் உண்டு. அச்சிவப்பு என்பின் நோயன்று, மாதிரியின் குறை. மேலும், பெரிதும் கையாளப்படும் வொன் மைசஸ் அளவு உலோகத்தின் நெகிழ்ச்சிக்கென அமைந்தது. நொறுங்கும் இயல்புடைய என்புக்கு இழுவை, அமுக்கம் இரண்டையும் வேறுவேறாக நோக்குதலே தக்கது.

எல்லாவற்றினும் மேலாக, பல் அழுக்கில் வாழும் நுண்ணங்கிகளைச் சமன்பாடு அறியாது. உட்பதியத்தைச் சூழ்ந்த என்பு தேய்தற்கு அவை விளைக்கும் அழற்சி ஒரு பெருங்காரணம். புகைத்தலும் தீங்கு பயக்கும். செவ்வனே கணித்துப் பதித்த உட்பதியமும், துலக்காத வாயில் நிலையாது.

ஆயின் கணனியாற் பயனென்னை? ஒரே தாடையில் இருவேறு வடிவங்களுள் எது குறைந்த தகைப்பைத் தருமென ஒப்பிடுதற்கு அது சிறந்த கருவி. நோயாளரின் என்பைப் பரிசோதனைக்கு ஆளாக்காது பிழையான வடிவங்களை முன்னரே விலக்கலாம். அளவின் உண்மையை நாட்டுதற்கோ, விகாரமானியால் அளந்தறிதலும், நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்குதலும் வேண்டும்.

ஆகவே, இத்தகைய படமொன்றைக் காணும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புவாராக: என்பை எவ்வியல்பினதாகக் கொண்டனர்? விசையை எத்திசையில் இட்டனர்? விடையை உயிருள்ள எதனோடு ஒப்பிட்டனர்? முதல் வினா உயிரியலையும், இரண்டாவது கணிதத்தையும், மூன்றாவது இரண்டையும் வேண்டுவது. சூறிச் நகரில் இரு துறையார் ஒரே என்பைச் சேர்ந்து நோக்கியமையால் விளைந்த நன்மையை எமது கல்லூரி மாணவரும் எண்ணிப் பார்த்து, தத்தம் பிரிவின் எல்லைக்கு அப்பாலும் கற்பாராக.