பழைய காரும் பாராத ஏடும்

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் முன்னோர் கூறினர். விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பாராது வாங்கியவர் எவருமிலர் என்பது அக்கூற்றினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. பல்லைப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடத்திப் பார்த்தார்கள், முன்பு எவர் வளவிற் கட்டி நின்றதென்று விசாரித்தார்கள். இத்தனை விசாரணையும் ஒரு சோடி எருதுக்கு. இன்றோ, பத்தாண்டுச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒன்றாகக் கொட்டிப் பழைய மோட்டார் காரொன்றை வாங்கப் போகும் ஆசிரியரொருவர், அதன் மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டு, கதவை இருமுறை திறந்து மூடி, மைத்துனரின் நண்பரொருவர் "நல்ல வண்டி" என்று கூறியதைக் கேட்டு, முற்பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

அவர் கேட்கும் கேள்விகளை நான் பலமுறை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? ஏசி நன்றாகக் குளிருமா? திருப்பி விற்றால் என்ன விலைக்குப் போகும்? மூன்றும் பணத்தைப் பற்றிய கேள்விகள். இவ்வண்டி முன்னர் எதனுடனாவது மோதியதா, இனி மோதினால் உள்ளிருக்கும் மனைவி மக்கள் பிழைப்பார்களா என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது அபசகுனம் என்று எண்ணுகிறார்கள் போலும்.

இவ்வாறு ஏமாறுதல் நமக்கு மட்டுமே உரியதன்று. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்குப் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். பழுதான காரை அந்நாட்டார் பேச்சு வழக்கில் எலுமிச்சம்பழம் என்பர். கட்டுரைத் தலைப்பிலும் அப்பழமே இடம்பெற்றது. அவர் கூறியது இதுதான்: விற்பவனுக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நல்லதற்கும் தீயதற்கும் இடைப்பட்ட ஒரு விலையையே கொடுக்க முன்வருவான். அவ்விலை நல்ல வண்டிக்காரனுக்குக் கட்டுபடியாகாது. அவன் சந்தையை விட்டு விலகுவான். எஞ்சியவற்றின் தரம் தாழும், விலையும் தாழும், மீண்டும் சில நல்லவை விலகும். முடிவிற் சந்தையில் நிற்பவை பெரும்பாலும் எலுமிச்சம்பழங்களே. மூன்று சஞ்சிகைகள் இக்கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001இல் அவருக்கும் வேறிருவருக்குமாகப் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. நம்மூர்த் தரகரெவரும் இதைப் படித்திருக்கமாட்டார். ஆயினும் அனைவரும் அதன்படியே ஒழுகுகின்றனர்.

நம் நாட்டிலோ சந்தை வேறொரு வகையாலும் கோணியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பின்னரே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருந்தவையே கைமாறின. வாங்கிய விலைக்கு மேலாகப் பழைய கார் விற்கப்பட்ட விந்தையையும் கண்டோம். பொருள் அரிதாகும்போது கேள்வி கேட்பவனுக்கு மதிப்புக் குறைகிறது. "வேண்டுமென்றால் எடுங்கோ, இல்லையென்றால் நாளைக்கு இன்னொருவர் வாறார்" என்பதே மறுமொழி.

யாழ்ப்பாணத்தார்க்குப் பழைய கார் புதிய விடயமன்று. ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் நாம் பேணியதுபோல் அவற்றைப் பெற்ற இங்கிலாந்தே பேணியதில்லை என்று பெருமை பேசுவதுண்டு. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், தொடக்கத்திற்குச் சில துளி பெற்றோலும் ஓட்டத்திற்கு மண்ணெண்ணெயுமாக அவை நம்மைச் சுமந்தன. நோயாளரைச் சுமந்தன, பிணங்களையும் சுமந்தன. அந்நன்றி என் நெஞ்சிலும் உண்டு. ஆனால் அந்நன்றியே நம் மதியை ஓரளவு மயக்கியும் விட்டதென்பேன். ஒரு வண்டி நடுவழியிற் கைவிடாது என்பது நம்பகம். மோதலில் நம்மை உயிரோடு வைத்திருக்கும் என்பது பாதுகாப்பு. இவை வெவ்வேறு. மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. தோளையும் இடுப்பையும் ஒருசேரப் பிணிக்கும் ஆசனப்பட்டியை வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்ததோ 1959இல். மோதலின் வேகத்தைத் தான் நசுங்கி ஏற்றுக்கொள்ளும் முன்பகுதி விற்பனைக் கார்களுக்கு வந்ததும் அக்காலத்தையொட்டியே. மொறிஸின் தடித்த தகட்டைத் தட்டிப் பார்த்து "இரும்பல்லவா!" என்று வியப்பவர், அவ்விரும்பு நசுங்காதபோது அதிர்ச்சி முழுவதும் உள்ளிருப்பவனின் விலாவெலும்புக்கே சேரும் என்பதை எண்ணுவதில்லை.

அந்த ஒஸ்ரின் மரபிலேயே ஒரு சான்றுண்டு. 1980இல் ஒஸ்ரின் மெற்றோ என்ற பெயரில் வெளிவந்த சிறு கார், தொண்ணூறுகளில் றோவர் 100 என்ற புதுப்பெயருடன் விற்கப்பட்டது. 1997இல் யூரோ என்காப் என்னும் அமைப்பு கார்களைத் தடையொன்றுடன் மோதவிட்டு, முடிவுகளை முதன்முறையாகப் பொதுமக்கள் அறிய வெளியிட்டபோது, வயதுவந்த பயணியரின் பாதுகாப்பிற்கு இக்கார் பெற்றது ஒரேயொரு நட்சத்திரம். ஓராண்டுக்குள் அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. பதினேழாண்டு விற்றுக் கொண்டிருந்த வண்டியை ஒரு தாள் நிறுத்தியது.

நமக்கு இன்னும் அண்மையான சான்று 2014 ஜனவரியில் வந்தது. குளோபல் என்காப் அமைப்பு இந்தியச் சந்தைக்குரிய ஐந்து சிறு கார்களின் மலிவான வகைகளை, காற்றுப்பை இல்லாத நிலையில், மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டது. நம் வீதிகளில் எங்கும் காணப்படும் மாருதி ஆல்ற்றோ 800 உட்பட ஐந்தும் பெற்றவை பூச்சிய நட்சத்திரங்கள். அவற்றுள் ஒன்றான வொக்ஸ்வாகன் போலோவை, இரண்டு காற்றுப்பைகள் பொருத்திய வகையிற் சோதித்தபோது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. ஆகவே, நட்சத்திரம் காரின் பெயருக்கு உரியதன்று. இன்ன ஆண்டின் இன்ன வகைக்கே உரியது. சோதனையின் கடுமையும் ஆண்டுதோறும் ஏறிவருவதால், இருபதாண்டுக்கு முந்திய ஐந்தும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல. விளம்பரத்தில் "ஐந்து நட்சத்திரம்" என்று கண்டவுடன், எந்த ஆண்டு, எந்த வகை என்று கேட்டாக வேண்டும்.

இனி, நம்மிடம் மிகுதியாக வரும் யப்பானியக் கார்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். பழைய கார்கள் அந்நாட்டில் ஏலக்கூடங்கள் வழியாகவே பெரிதும் விற்கப்படுகின்றன. ஏலத்திற்கு முன் பரிசோதகர் ஒருவர் வண்டியைப் பார்த்து ஒரு தாளை எழுதுகிறார். ஏலத்தாள் எனப்படும் அத்தாளே வண்டியின் சாதகம். மேல் மூலையில் 5, 4.5, 4, 3.5 என்றவாறு தரவெண் இருக்கும். அவ்விடத்தில் எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருப்பின், மோதுண்டு திருத்தப்பட்ட வண்டி அது. கதவோ பம்பரோ மாற்றப்பட்டதற்கு இவ்வெழுத்து இடப்படுவதில்லை; எலும்புக்கூடு போன்ற அடிச்சட்டகம் பழுதுற்றுத் திருத்தப்பட்டிருந்தாலே இடப்படும். கீழே காரின் வரைபடத்தில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நசிவு, டபிள்யூ என்றால் திருத்திய அடையாளம், இரட்டை எக்ஸ் என்றால் மாற்றிய தகடு. ஆண்டு யப்பானிய முறையில் எழுதப்பட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஹெய்செய் ஆண்டுடன் 1988ஐயும், அதற்குப் பின் வந்த றெய்வா ஆண்டுடன் 2018ஐயும் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். ஹெய்செய் 26 என்பது 2014.

அத்தாளில் ஓடிய தூரமும் எழுதப்பட்டிருக்கும். அதனாலேயே பலருடைய கைகளில் அத்தாள் "தொலைந்து" போகின்றது.

மற்றொன்று செசி இலக்கம். அமெரிக்கக் கார்களுக்கு 1981 முதல் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட இலக்கம் உண்டு. யப்பானுக்குள்ளேயே விற்கப்பட்ட கார்களுக்கோ அஃதில்லை. மாதிரிக் குறியும் ஒரு கோடும் தொடரெண்ணுமாகக் குறுகிய இலக்கமே உண்டு. ஆகையால், அமெரிக்க வழியிற் சரித்திரம் தேடித் தருவோரிடம் நம் வண்டியின் இலக்கத்தைக் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. உற்பத்தி நிறுவனத்தின் யப்பானியப் பக்கத்தில் அவ்விலக்கத்தை இட்டால், குறைபாடு காரணமாக மீள அழைக்கப்பட்ட வண்டியா, அவ்வேலை செய்யப்பட்டதா என்பது தெரியவரும். ஒரு சதமும் செலவில்லை. ஆயினும் இதைச் செய்தவர்களை என் பரிச்சயத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் செய்யவேண்டும் என்பதற்குத் தக்காத்தாவின் கதையொன்றே போதும். நெசவிலே தொடங்கி, 1960இல் ஆசனப்பட்டி செய்து, பின் காற்றுப்பை செய்து உலகெங்கும் விற்ற நிறுவனம் அது. மோதலின்போது பையை ஊதச் செய்யும் சிறு உலோகக் குப்பியில் அமோனியம் நைத்திரேற்றை வைத்தார்கள். அவ்வுப்பு வெப்பமும் ஈரமும் பல்லாண்டு மாறிமாறித் தாக்கும்போது குணங்கெடும். பின்னர் அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். குப்பி சிதறி, காக்க வேண்டிய பையைக் கிழித்துக்கொண்டு இரும்புத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மலேசியாவிலும் உயிர்கள் பலியாயின. உலகெங்கும் ஏறத்தாழப் பத்துக் கோடிக் குப்பிகள் மீள அழைக்கப்பட்டன. சோதனைப் பெறுபேறுகளைத் திரித்து வண்டி நிறுவனங்களுக்குக் கொடுத்த குற்றத்தை 2017இல் ஒப்புக்கொண்ட தக்காத்தா, அவ்வாண்டே வங்குரோத்தானது.

அமெரிக்க அதிகாரிகள் வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த புளோரிடா, ஹவாய் போன்ற இடங்களையே முதலிற் கவனிக்கும்படி வகுத்தனர். புளோரிடாவின் வெயிலுக்கே அவ்வாறெனில், ஆண்டு முழுவதும் வெயிலிலும் கடற்காற்றிலும் நிற்கும் நம் வண்டிகளின் நிலை என்ன? யப்பானில் 2018 மே மாதம் முதல், அபாயம் மிகுந்த வகையைச் சேர்ந்த, திருத்தப்படாத வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனைச் சான்று மறுக்கப்பட்டது. நம்மிடமுள்ள அக்காலத்துக் கார்களிற் பல அதற்கு முன்னரே கப்பலேறிவிட்டன. மீள அழைக்கும் கடிதம் யப்பானிலுள்ள பழைய உரிமையாளரின் முகவரியைத் தேடிச் செல்லும். யாழ்ப்பாணத்திற்கோ மட்டக்களப்பிற்கோ அது வாராது.

சென்ற ஆண்டு, என்னிடம் படித்து இன்று தானும் ஆசிரியராயிருக்கும் ஒருவர் கார் வாங்கத் துணைக்கு அழைத்தார். இரு சிறு பிள்ளைகளின் தந்தை அவர். விற்பனையாளர் மிக மரியாதையானவர், தேநீர் தந்தார். "ஐயா, இது யப்பானிலை ஒரு டொக்டர் அம்மா வைச்சிருந்த வாகனம். கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான் ஓடினது" என்றார். யப்பானில் இத்தனை டொக்டர் அம்மாமார் இருப்பது எப்படியென்று நான் வியப்பதுண்டு. மீற்றர் நாற்பத்தெண்ணாயிரம் கிலோமீற்றர் காட்டியது; பிறேக் மிதியின் றப்பரோ தேய்ந்து வழுவழுத்திருந்தது. ஆசனப்பட்டியை முழுவதும் இழுத்தால் அடியில் அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் துண்டொன்று தைக்கப்பட்டிருப்பதுண்டு. கார் 2014, சாரதியின் பட்டி 2014க்கு மூன்றாண்டு பிந்தியது. கடும் மோதலில் ஆசனப்பட்டியின் இறுக்கி வெடித்து இழுத்துக்கொள்ளும். அதன்பின் பட்டியை மாற்றியே ஆகவேண்டும். "சாவியைத் திருப்பும், தம்பி" என்றேன். திருப்பியதும் காற்றுப்பைக்குரிய சிவப்பு விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்தன. அது மட்டும் எரியவேயில்லை.

"சேர், அது பல்ப் போயிருக்கும்" என்றார் விற்பனையாளர். ஏலத்தாளைக் கேட்டோம். துறைமுகத்தில் தவறிவிட்டதாம்.

நாங்கள் எழுந்து வந்தோம். பத்து நாளில் அவ்வண்டி அங்கே இல்லை. வன்னியிலிருந்து வந்த குடும்பமொன்று வாங்கிச் சென்றதாகக் கேள்வி.

என் மாணவர் பின்னர் வேறிடத்தில், ஈராண்டு மூத்த, பார்வைக்கு மங்கலான காரொன்றை எடுத்தார். தரம் 3.5, இடது கதவில் கீறல், பின்புறம் நசிவு என்று தாளில் உள்ளவை யாவும் வண்டியிலும் இருந்தன. கராஜில் உயர்த்திக் காட்டுவித்தோம். தரைவிரிப்பைத் தூக்கி வெள்ளச்சேறு உண்டோவென்று பார்த்தோம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையை மூழ்கடித்த பின்னர், நீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு எங்கெங்கோ சென்றன. ஆசனத்தின் அடியிலுள்ள தண்டவாளத் துரு ஒன்றே அதைச் சொல்லும். இவ்வண்டியில் அஃதில்லை. செசி இலக்கத்தை இட்டுப் பார்த்தபோது ஒரு வேலை மட்டும் செய்யப்படாதிருப்பது தெரிந்தது: முன் இடப்பக்கக் காற்றுப்பையின் ஊதற்குப்பி.

அதை விலை பேசும்போதே சொல்லி, நிறுவனத்தின் முகவரிடம் எழுத்தில் விண்ணப்பித்திருக்கிறார். பாகம் இன்னும் வரவில்லை. அதுவரை முன் இடப்பக்க ஆசனத்தில் எவரையும் இருத்துவதில்லை. அவருடைய மனைவி பிள்ளைகளோடு பின்னால் அமர்ந்தே பாடசாலைக்குச் செல்கிறார். சாரதி வைத்து ஓடுகிறாரென்று ஊரார் பகிடி பண்ணுகிறார்களாம்.