திராட்டில் உணரியின் கோளாறும் திருத்தமும்

சாலைச் சந்தியில் பச்சை விளக்கு எரிகிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். கார் ஒரு கணம் தயங்கி, இரண்டொரு முறை குலுங்கிய பின்னரே முன்னேறுகிறது. எதிரே லாரி வருகையில் வேறொரு வண்டியைக் கடக்கும்போது இத்தயக்கம் நேருமாயின் உயிருக்கே அபாயம். இதற்குக் காரணங்கள் பல உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு சாதனத்தின் தேய்மானம் அவற்றுள் ஒன்றாகும்.

கார்புரேட்டர் எஞ்சின்களில், உள்ளே செல்லும் காற்றே பெட்ரோலையும் இழுத்துச் சென்றது. உச்ச நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டு உத்தரவையொட்டித் தலைநகர்ப் பகுதியில் யூரோ தரங்கள் விரைவில் அமலாயின. பின்னர் நாடெங்கும் பெட்ரோல் கார்களில் இன்ஜெக்ஷன் முறையே நிலைபெற்றது. இம்முறையில் பெட்ரோலின் அளவைக் கணக்கிடுவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. காற்றுப் பாதையிலுள்ள திராட்டில் தகடு எவ்வளவு திறந்துள்ளது, எத்துணை விரைவாகத் திறக்கிறது என்னும் செய்தியை அதற்கு அளிப்பதே இவ்வுணரியின் பணி.

இதன் அமைப்பு பழைய ரேடியோப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஒத்தது. வளைந்த மின்தடைப் பாதை ஒன்றின்மீது, தகட்டின் அச்சோடு இணைந்த தொடுமுனை நகர்கிறது. மூன்று கம்பிகளுள் ஒன்று 5 வோல்ட்டைக் கொணர்கிறது, மற்றொன்று எர்த், மூன்றாவது செய்தியைக் கொண்டு செல்கிறது. தகடு மூடியிருக்கையில் ஏறத்தாழ அரை வோல்ட்டும், முழுதும் திறக்கையில் நாலரை வோல்ட்டும் அதில் காணப்படுவது வழக்கம். நகரத்தில் ஓடும் கார் பெரும்பொழுதைத் தகடு சற்றே திறந்த நிலையில் கழிப்பதால், பாதையின் தொடக்கப் பகுதியே முதலில் தேய்கிறது. குமிழைத் திருப்பும்போது ரேடியோ கரகரப்பதும் இக்காரணத்தாலேயே.

சோதனைக்கு ஒரு மல்ட்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, இணைப்பைக் கழற்றாது பின்புறமாக மீட்டரின் முனையைச் செருகுதல் வேண்டும். முதலில் 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பது அவசியம். துருவேறிய இணைப்பே குற்றவாளியாயிருக்க, புதிய உணரிக்குப் பணம் செலவாவது பட்டறைகளில் அரிய காட்சியன்று. அடுத்து, திராட்டிலை மிக மெதுவாகத் திறக்கையில் வோல்ட் அளவு தடையின்றி ஏற வேண்டும். இடையே திடீரென விழுந்தால் பாதை தேய்ந்துள்ளதென்பது திண்ணம். இந்நொடிநேர வீழ்ச்சியை எண்கள் தோன்றும் மீட்டர் தவறவிடக்கூடும். பழைய முள் மீட்டரில் அது துள்ளலாகத் தெரியும்.

தேய்ந்த உணரியை மாற்றுவதேயன்றி வேறு வழியில்லை. பாதை நன்றாயிருந்து, மூடிய நிலை அளவு மட்டும் பிசகியிருப்பின் திருத்தம் சாத்தியம். அளவு மிகுந்திருந்தால், ஓட்டுநர் காலை எடுத்த பின்னரும் தகடு திறந்திருப்பதாகவே பெட்டி கருதும். எஞ்சின் நின்றவிடத்தில் சீராக ஓடாது. சில கார்களில் உணரியின் திருகுத் துளைகள் நீண்டிருக்கும். திருகுகளைத் தளர்த்தி, மீட்டரைப் பார்த்தவாறு உணரியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அந்தக் காரின் கையேடு கூறும் அளவில் நிறுத்தி இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அளவு நழுவுவதுண்டு. ஆகவே மீண்டும் ஒருமுறை பார்த்தல் நலம். தகட்டின் ஓரத்தில் படிந்த கரியை முன்னதாகவே துடைத்துவிட வேண்டும். தகட்டை நிறுத்தும் திருகை மட்டும் தொடலாகாது. அது தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது.

வட்டத் துளைகள் உள்ள உணரிகளில் இத்திருத்தத்திற்கு இடமில்லை. ஆக்ஸிலரேட்டர் கம்பிக்குப் பதிலாக மோட்டாரால் தகட்டை இயக்கும் கார்களிலோ இரண்டு உணரிகள் உண்டு. இரண்டின் கூற்றும் மாறுபட்டால் பெட்டி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். அவற்றில் சாவி திருப்பப்பட்டிருக்கையில் தகட்டிடையே விரலை விடுதல் கூடாது. மோட்டார் எக்கணமும் அதனை மூடக்கூடும்.